சினமன் ரோல் ஐசிங் ஏன் ஓடுகிறது, அதை எப்படி நிற்க வைப்பது

சினமன் ரோல் நன்றாக உப்பி வருகிறது, அதன் மேல் ஊற்றும் வெள்ளை ஐசிங் மட்டும் சரியாக அமைவதில்லை என்பது கேள்வி. பாலையும் ஐசிங் சர்க்கரையையும் கலந்தால் நீர்த்துப்போய்த் தட்டில் தேங்குகிறது, இல்லையென்றால் கட்டி கட்டியாக நின்று பச்சை மாவு வாசனை அடிக்கிறது. க்ரீம் சீஸ் சேர்த்தால் அடிக்க அடிக்க இளகுகிறது. இளகியதைக் கெட்டியாக்கச் சர்க்கரையைக் கூட்டினால் திகட்டுகிறது. இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். ஐசிங்கின் பதத்தைச் சர்க்கரையின் அளவு தீர்மானிக்கிறது என்று எண்ணி நாம் சர்க்கரை டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதைத் தீர்மானிப்பவை கலவையில் உள்ள நீரின் அளவும், கலக்கும் நேரத்திலும் ஊற்றும் நேரத்திலும் உள்ள வெப்பமும் ஆகும்.

பட்டைத் தூள் தூவிச் சுருட்டிய இந்த ரொட்டிக்கு ஐசிங் இன்றியமையாதது என்று சொல்லிவிட முடியாது. ஸ்வீடனில் 1999 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 4ஆம் தேதியை இந்தச் சுருளுக்கான நாளாகவே கொண்டாடுகிறார்கள். ஆனால் அங்கே அதன் மேல் வெள்ளை மணிகளாக இருக்கும் முத்துச் சர்க்கரையைத் தூவுவார்களே ஒழிய ஐசிங் ஊற்றுவதில்லை. ஃபின்லாந்தில் கோர்வாபூஸ்தி என்று வழங்கும் பட்டைச் சுருளும் அப்படித்தான். ஐசிங்கை வழிய வழிய ஊற்றுவது அமெரிக்கப் பழக்கம். 1985இல் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு அருகில் ஒரு வணிக வளாகத்தில் முதல் சின்னபான் கடை திறந்த பிறகு, பெரிய ரோலும் அதன் மேல் க்ரீம் சீஸ் ஐசிங்குமாக அந்தப் பழக்கம் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் கைக்கு வரும் செய்முறைகள் ஏறக்குறைய எல்லாமே அமெரிக்கச் சமையலறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்' என்றால் சுமார் 20 டிகிரி செல்சியஸ் என்று பொருள். க்ரீம் சீஸ் என்றால் தாளில் சுற்றிய கெட்டியான கட்டி என்று பொருள். மே மாதத்துச் சென்னையிலோ கொழும்பிலோ அந்த எழுத்தை எழுத்துப்படியே பின்பற்றினால் வெண்ணெய் உருகி ஓடத்தான் செய்யும். அதற்குச் செய்தவரின் கையைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதலில் சர்க்கரையைப் பார்ப்போம். கடையில் விற்கும் ஐசிங் சர்க்கரை மிக நுண்ணியதாக அரைக்கப்பட்ட வெள்ளைச் சர்க்கரை. ஈரம் இழுத்துக் கட்டிதட்டாமல் இருப்பதற்காக அதில் சுமார் மூன்று சதவிகிதம் மக்காச்சோள ஸ்டார்ச், அதாவது நாம் கார்ன்ஃப்ளார் என்று வாங்கும் வெள்ளைத் தூள், கலக்கப்பட்டிருக்கும். ஐசிங்கில் வரும் பச்சை மாவு வாசனை அந்த ஸ்டார்ச்சிலிருந்து வருவதுதான். ஐசிங்கை வெதுவெதுப்பாக்கினால் அந்த வாசனை போய்விடும் என்று சிலர் சொல்வது சரியன்று. சர்க்கரை இவ்வளவு அடர்ந்திருக்கும் கலவையில் ஸ்டார்ச் வேகுவதற்கு வழக்கத்தைவிடக் கூடுதலான சூடு வேண்டும், அந்தச் சூட்டை நாம் ஐசிங்குக்குக் கொடுப்பதே இல்லை. ஒரு சிட்டிகை உப்பும், சிறிது வெண்ணெயும், வெனிலாவும் அந்த வாசனையை அடக்கும். இன்னும் நேரான வழி, அன்றைய தேவைக்கு மட்டும் சர்க்கரையை வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்வது. ஸ்டார்ச்சின் வேலை தூளைச் சேமிப்பில் காப்பது மட்டுமே என்பதால், அரைத்தவுடன் பயன்படுத்துவோருக்கு அது தேவையே இல்லை. வைத்திருந்து பயன்படுத்துவதானால் 100 கிராம் சர்க்கரைக்கு ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளார் போதும். பல குறிப்புகளில் சொல்லப்படும் அளவு இதைவிட மிகுதி, அதுவே மாவுச் சுவைக்குக் காரணமாகிறது.

வீட்டில் அரைப்பதில் ஒரு குறையும் உண்டு. மிக்ஸி எவ்வளவு ஓடினாலும் தொழிற்சாலைத் தூளின் நுண்மை வருவதில்லை, அதனால் நாக்கில் நறநறப்பு தெரியும். ஜாரில் துளி ஈரமும் இருக்கக்கூடாது. சிறிது சிறிதாகப் போட்டு, இடையிடையே நிறுத்தி அரைக்கவேண்டும், ஏனெனில் ஜார் சூடேறினால் தூள் அடியில் அப்பிக்கொள்ளும். அரைத்ததைக் கண்கள் மிகச் சிறிதாக உள்ள சல்லடையில் சலித்து, தங்கும் குருணையை மீண்டும் அரைக்கலாம். இதற்கு மேலும் நறநறப்பு இருந்தால், பாலை வெதுவெதுப்பாக ஊற்றிக் கலந்து பத்துப் பதினைந்து நிமிடம் மூடி வைத்தால், குருணைகளின் முனைகள் கரைந்து கலவை வழவழப்பாகும். கடைத் தூளானாலும் சலிக்காமல் பயன்படுத்தக்கூடாது. கடலோர ஊர்களில் பாக்கெட் பிரித்த சில நாளிலேயே அது கட்டிதட்டிவிடும், ஈரம்பட்ட பிறகு அந்தக் கட்டிகளைக் கரைப்பது பெரும்பாடு.

இனி நீருக்கு வருவோம். பால் ஐசிங் சட்டென்று நீர்த்துவிடுவதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஏறக்குறைய இரண்டு கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். 120 கிராம் ஐசிங் சர்க்கரையில் 20 மில்லி நீர் விட்டால், அதில் சுமார் 40 கிராம் சர்க்கரை கரைந்து 60 கிராம் பாகாகிறது. மீதமுள்ள ஏறத்தாழ 80 கிராம் தூள் கரையாமல் அந்தப் பாகில் மிதக்கிறது. ஐசிங்கின் கெட்டித்தன்மையும் வெண்மையும் இந்தக் கரையாத தூளால் வருபவை. இப்போது இன்னும் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லி நீர் சேர்த்தால் என்ன ஆகிறது? கரைவது 60 கிராமாகிறது, பாகு 90 கிராமாகிறது, மிதக்கும் தூள் 60 கிராமாகக் குறைகிறது. சேர்த்தது இரண்டே தேக்கரண்டி. ஆனால் தூளுக்கும் பாகுக்கும் உள்ள விகிதம் தலைகீழாகிவிட்டது. புதிதாகச் சேரும் நீர், தன் எடையைப்போல் இரண்டு மடங்கு திடப்பொருளையும் திரவமாக மாற்றித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. ஆகவேதான் ஒரு கட்டத்துக்கு மேல் பாலை மேசைக்கரண்டியால் அளக்கக்கூடாது, அரைத் தேக்கரண்டி அரைத் தேக்கரண்டியாகவே விடவேண்டும் என்று வலியுறுத்துகிறேன். சற்று உலர்ந்து, கலக்கக் கடினமாக இருக்கும் நிலையிலும் பொறுமையாக ஒரு நிமிடம் அழுத்திக் கலக்குங்கள்; அந்த ஒரு நிமிடத்தில் சர்க்கரை கரைந்து தானாகவே இளகி வரும். பலர் அந்த நேரம் காத்திருக்காமல் பாலை ஊற்றிவிடுகிறார்கள்.

பன்னிரண்டு ரோல்களுக்கு நான் பரிந்துரைக்கும் பால் ஐசிங்கின் அளவு இது. சலித்த ஐசிங் சர்க்கரை 180 கிராம், உருக்கிய வெண்ணெய் 15 கிராம், வெதுவெதுப்பான பால் 25 மில்லியில் தொடங்கி 35 மில்லிக்குள், வெனிலா எசென்ஸ் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெய் கட்டாயமில்லை, ஆனால் அது சூட்டில் இளகலாகவும் ஆறும்போது சற்று இறுகியும் நிற்பதால், ஐசிங் ரோலின் மடிப்புகளுக்குள் இறங்கிய பிறகு அங்கேயே தங்கும். பதம் பார்க்கும் முறை எளிது: கரண்டியால் எடுத்து மேலிருந்து விட்டால் அறுபடாத பட்டையாக விழவேண்டும், விழுந்த தடம் சுமார் பத்து நொடி தெரிந்து பிறகு கலவையோடு கலந்துவிடவேண்டும். தடம் உடனே மறைந்தால் ஐசிங் ரோலைவிட்டு வழிந்தோடும். மறையவே இல்லையென்றால் ஊற்ற வராது, தடவத்தான் வரும். பாலுக்குப் பதில் கெட்டியான க்ரீம் விடுவோர் அளவைச் சற்றுக் கூட்டவேண்டியிருக்கும், ஏனென்றால் க்ரீமில் கொழுப்பு போக எஞ்சும் நீர் குறைவு. கிடைக்கும் ஐசிங் வெண்மையாகவும் சுவையில் கனமாகவும் இருக்கும். வெறும் தண்ணீரில் செய்தால் ஒளி ஊடுருவும் மெல்லிய படலமாகக் காயும். சுவையில் அது ஏழைதான், என்றாலும் பார்வைக்குச் சிலருக்குப் பிடிக்கிறது.

பேக்கரிகளில் ரோலின் மேல் காணப்படும் பளபளப்பான, விரலில் ஒட்டாத ஐசிங் வேறு வகை. அதற்கு 200 கிராம் ஐசிங் சர்க்கரையில் 35 மில்லி வெந்நீரும் 12 கிராம் லிக்விட் குளுக்கோஸும் (கெட்டியான, நிறமற்ற குளுக்கோஸ் பாகு) சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துச் சுமார் 38 டிகிரி வரை, அதாவது விரலுக்கு மிதமான சூடு தெரியும் வரை, கிளறியபடி சூடாக்கவேண்டும். குளுக்கோஸ் சர்க்கரையைப் பெரிய படிகங்களாகச் சேரவிடாமல் தடுப்பதால் பளபளப்பு நிலைக்கிறது. சூட்டை மிஞ்சவிட்டால் இதே கலவை ஆறியதும் மங்கிப் பொரிந்து உதிரும். தொழில்முறையில் இன்னும் ஒரு படி மேலே போய், பாகை 115 டிகிரியைத் தாண்டிக் காய்ச்சி ஆறவிட்டு வெளுக்கும் வரை தேய்த்து ஃபாண்டன்ட் செய்வார்கள். தண்ணீரில் விட்டால் மென்மையான உருண்டையாகத் திரளும் பதம் அது, அதிரசத்துக்குப் பாகு வைத்துப் பழகியவர்களுக்குக் கை தானே அடையாளம் கண்டுகொள்ளும். ஒரு டஜன் ரோலுக்காக வீட்டில் அந்தப் பாடு படத் தேவையில்லை என்பது என் கருத்து.

க்ரீம் சீஸ் ஐசிங்கில்தான் பலர் தோற்கிறார்கள், ஆகவே அதை விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் சட்டப்படி க்ரீம் சீஸ் என்று விற்கப்படுவதில் குறைந்தது 33 சதவிகிதம் பால் கொழுப்பு இருக்கவேண்டும், ஈரம் 55 சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது. (பிலடெல்ஃபியா என்ற புகழ்பெற்ற வணிகப் பெயரைத் தாங்கி வந்தாலும், அமெரிக்கக் க்ரீம் சீஸின் கதை 1872 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் என்ற ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால்பண்ணையாளரிடம் தொடங்குகிறது.) அந்த உச்ச வரம்பை வைத்தே கணக்குப் பார்ப்போம். 115 கிராம் க்ரீம் சீஸில் 60 கிராமுக்குச் சற்று மேல் நீர். அதோடு சேர்க்கும் 55 கிராம் வெண்ணெயில் இன்னும் எட்டு ஒன்பது கிராம். மொத்தம் 70 கிராம் நீர் என்று கொண்டால் அது 140 கிராம் சர்க்கரையைக் கரைக்க வல்லது. செய்முறையில் நாம் போடுவதோ 120 கிராம். அதாவது, நேரம் கொடுத்தால் சர்க்கரை முழுவதும் கரைந்துவிடும். பால் ஐசிங்கில் கெட்டித்தன்மை தந்த கரையாத தூள் இங்கே மிஞ்சவே மிஞ்சாது. அப்படியென்றால் க்ரீம் சீஸ் ஐசிங்கை நிற்க வைப்பது எது? குளிர்ந்து இறுகிய கொழுப்பும், சீஸின் புரத வலையும்தான். அந்த வலை தன் நீரைப் பிடித்துவைத்திருக்கும் வரை ஐசிங் நிற்கும். சர்க்கரை அந்த நீரை வெளியே இழுக்கிறது, அளவுக்கு மீறி அடிப்பது வலையை அறுக்கிறது, வெப்பம் கொழுப்பை உருக்குகிறது. மூன்றும் சேர்ந்தால் கிண்ணத்தில் மிஞ்சுவது இனிப்பான மோர்.

இளகிய க்ரீம் சீஸ் ஐசிங்கில் மேலும் சர்க்கரையைக் கொட்டுவது ஏன் பயன் தருவதில்லை என்பது இப்போது விளங்கும். புதிதாகச் சேரும் சர்க்கரையும் கரைந்து பாகாகி அளவைத்தான் கூட்டுகிறது; மிதக்கும் தூள் மிஞ்சும் அளவுக்குச் சேர்ப்பதற்குள் ஐசிங் வாயில் வைக்க முடியாத இனிப்பாகிவிடுகிறது. இளகினால் செய்யவேண்டியது ஒன்றே: கிண்ணத்தை மூடி ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து, எடுத்துக் கரண்டியால் நாலைந்து முறை மட்டும் புரட்டுவது. கொழுப்பு இறுகியதும் பதம் திரும்பும். அடித்து அடித்து வலை முழுவதும் அறுந்துபோயிருந்தால் மட்டுமே குளிர்ச்சியும் கைவிடும். அப்போது அதைச் சூடான ரோலின் மேல் ஊற்றி ஊறவிடுவதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம், வீணாகாது.

செய்யும் முறைக்கு வருவோம். பன்னிரண்டு ரோலுக்குக் கட்டியாக வரும் க்ரீம் சீஸ் 115 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 55 கிராம், சலித்த ஐசிங் சர்க்கரை 120 கிராம், வெனிலா அரைத் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பால் தேவையில்லை. பெரும்பாலான செய்முறைகள் சீஸையும் வெண்ணெயையும் முதலில் அடித்து, பிறகு சர்க்கரையைச் சேர்க்கச் சொல்கின்றன. 20 டிகிரி அறையில் அது சரியாகவே வரும். வெப்பமான ஊர்களில் வரிசையை மாற்றுவது நல்லது. முதலில் வெண்ணெயையும் சர்க்கரையையும் மட்டும் வெளுத்து மிருதுவாகும் வரை அடித்துக்கொள்ளுங்கள். சர்க்கரைத் துகள்கள் மீது கொழுப்புப் படிந்துவிடுவதால் பின்னர் அவை சீஸின் நீரை அவ்வளவு வேகமாக இழுக்கமாட்டா. அதன் பிறகு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் மட்டும் ஆன சீஸைத் தனியே ஒரு கிண்ணத்தில் கரண்டியால் நன்றாக மசித்து, மூன்று பங்காகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கலந்தவுடன் நிறுத்திவிடவேண்டும். மசிக்காமல் போட்டால் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டிகள் தங்கிவிடும்; எல்லாம் கலந்த பிறகு அவற்றை உடைக்க அடித்துக்கொண்டே போனால் ஐசிங் இளகுமே தவிர கட்டிகள் மறையா. அப்படி நேர்ந்துவிட்டால் சல்லடையில் கரண்டியால் தேய்த்து வடிப்பதே வழி. இந்த அளவுக்கு மின்சார பீட்டரைவிடக் கை விஸ்க்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறேன், ஏனெனில் கை வலித்தால் நாம் நிறுத்திவிடுவோம், மோட்டார் நிறுத்தாது.

வெண்ணெயைப் பற்றிச் சில வார்த்தைகள். வெண்ணெய் 18 முதல் 20 டிகிரியில் அடிக்கப் பக்குவமாக இருக்கும். 32 டிகிரியைத் தாண்டியதும் உருகத் தொடங்கிவிடும். ஆகவே நம் சமையலறைகளில் வெண்ணெயை மணிக்கணக்கில் வெளியே வைத்திருக்கத் தேவையில்லை. சிறு துண்டுகளாக நறுக்கிப் பத்து நிமிடம் விட்டால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழவேண்டும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக்கூடாது. அது ஒட்டினால் காலம் கடந்துவிட்டது என்று கொண்டு மீண்டும் குளிரவைக்கவேண்டும். ரொட்டியில் தடவுவதற்காக விற்கப்படும் மஞ்சள் நிற உப்பு வெண்ணெயைப் பால் ஐசிங்கில் தாராளமாகப் பயன்படுத்தலாம், தனியாக உப்புச் சேர்க்காதிருந்தால் போதும். க்ரீம் சீஸ் ஐசிங்கில் 55 கிராமும் அதுவே என்றால் உப்புக் கரிக்கும், பாதிக்குப் பாதி உப்பில்லாததோடு கலந்துகொள்ளலாம். தயிர் கடைந்து எடுத்த வீட்டு வெண்ணெயில் மோர் தங்கியிருக்கும்; குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை பிசைந்து கழுவி, நீரை முற்றிலும் பிழிந்துவிட்டால் மிக நல்ல ஐசிங் கிடைக்கும், கழுவாவிட்டால் அந்த மோரே ஐசிங்கை ஓடச் செய்யும். எருமை வெண்ணெய் இயல்பாகவே வெள்ளை என்பதால் நிறத்துக்கும் அது நல்லது. கடை ஐசிங்கின் கண்ணைப் பறிக்கும் வெண்மை வீட்டில் வரவில்லையே என்று வருந்தவேண்டாம். டைட்டானியம் டை ஆக்சைடு என்ற நிறமிதான் பல ஆயத்த ஐசிங்குகளுக்கு அந்த வெண்மையைத் தந்து வந்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அதை உணவில் சேர்ப்பதற்குத் தடை விதித்துவிட்டது. பசு வெண்ணெயில் செய்த ஐசிங் தந்தத்தின் நிறமாக இருப்பதே இயற்கை.

க்ரீம் சீஸ் கிடைக்காதவர்கள், அல்லது விலை கண்டு தயங்குபவர்கள், துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிரைக் கொண்டு செய்ய முயல்கிறார்கள். புளிப்பு பொருந்தி வரும், ஆனால் இரவு முழுவதும் வடித்த தயிரிலும் க்ரீம் சீஸைவிட நீர் மிக அதிகம், கொழுப்பு மிகக் குறைவு; அதில் சர்க்கரையைப் போட்டவுடன் இளகிவிடும். தயிரை முதன்மைப் பொருளாக்காமல், மேலே சொன்ன பால் ஐசிங்கில் பாலுக்குப் பதிலாக விட்டால் அருமையான இளம்புளிப்பு வரும். சீஸ்தான் வேண்டும் என்பவர்கள் ஒரு லிட்டர் ஃபுல் க்ரீம் பாலைக் காய்ச்சி, அடுப்பை அணைத்த பிறகு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சிறிது சிறிதாக விட்டுத் திரித்து, மெல்லிய துணியில் இருபது நிமிடம் வடித்து, ஈரப்பசை சற்று இருக்கும்போதே சிறிது உப்பும் இரண்டு மேசைக்கரண்டி க்ரீமும் சேர்த்து மிக்ஸியில் வெண்ணெய்போல் வழவழப்பாகும் வரை அரைக்கலாம். முழுதும் இறுகிப் பனீராக விட்டுவிட்டால் எத்தனை அரைத்தாலும் மணல்தான். மஸ்கர்போனே என்ற இத்தாலிய க்ரீம் வகைச் சீஸ் புளிப்புக் குறைந்தது, கொழுப்பு மிகுந்தது. சற்று அதிகமாக அடித்தாலே திரிந்துபோகும் என்பதால் பழகாதவர்களுக்கு அதைச் சொல்லமாட்டேன்.

எப்போது ஊற்றுவது என்பதில் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. அடுப்பிலிருந்து எடுக்கும்போது ரோலின் உட்புறம் 90 டிகிரியை ஒட்டியிருக்கும். அப்போதே பால் ஐசிங்கை ஊற்றினால், சூட்டில் நீரின் கரைக்கும் திறன் கூடுவதால் (60 டிகிரியில் ஒரு கிராம் நீர் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவான சர்க்கரையைக் கரைக்கும்) மிதந்துகொண்டிருந்த தூள் கரைந்து, வெண்மை மறைந்து, ஐசிங் கண்ணாடிபோல் ஆகி இடுக்குகள் வழியே அடியில் போய்த் தேங்கிவிடும். முற்றிலும் ஆறிய ரோலில் ஊற்றினால் அழகாக நிற்கும். ஆனால் ரொட்டியோடு ஒட்டாமல் மேலே ஓடாக உடையும். என் வழி இரண்டு தவணை. எடுத்துப் பத்து நிமிடம் ஆனதும் மூன்றில் ஒரு பங்கை மெல்லியதாகப் பூசிவிடுகிறேன். அது உருகி மடிப்புகளுக்குள் இறங்கி ரோலை ஈரமாக வைத்திருக்கிறது. உள்ளங்கையை மேலே வைத்தால் சுகமான கதகதப்பு மட்டும் தெரியும் நிலையில், சுமார் அரை மணி நேரம் கழித்து, மீதியை ஊற்றுகிறேன். இது க்ரீம் சீஸ் ஐசிங்குக்கும் பொருந்தும். வெப்பத்தில் அது இன்னும் எளிதாகக் கலையும் என்பதால், இரண்டாம் தவணைக்குரியதை அதுவரை ஃப்ரிட்ஜிலேயே வைத்திருங்கள்.

இனிப்பைக் குறைக்க முடியுமா என்று கேட்போருக்கு: பால் ஐசிங்கில் முடியாது, ஏனெனில் சர்க்கரைதான் அதன் உடல், குறைத்தால் அது ஐசிங்காகவே இராது, அளவாகக் கோடிட்டு ஊற்றுவதே ஒரே வழி. க்ரீம் சீஸ் ஐசிங்கில் உடலைத் தருவது கொழுப்பு என்று பார்த்தோம் அல்லவா, ஆகவே அங்கே 120 கிராமை 90 கிராமாகத் தயங்காமல் குறைக்கலாம், பதம் கெடாது; சொல்லப்போனால் கூடுதலாகவே நிற்கும். ரோலின் உள்ளேயே போதிய சர்க்கரை இருப்பதால் எனக்கு அந்த அளவுதான் பிடித்திருக்கிறது.

வாசனைப் பொருள்களில் அடக்கம் தேவை. வெனிலா போதும், அதற்கு மேல் வேண்டுமென்றால் பாலுக்குப் பதிலாகக் கெட்டியான காபி டிகாக்‌ஷன், ஆரஞ்சுச் சாறு, அல்லது மேப்பிள் சிரப்பை விடலாம். மேப்பிள் சிரப்பில் மூன்றில் ஒரு பங்குதான் நீர் என்பதால் அதைப் பாலைவிடக் கூடுதலாக விடவேண்டியிருக்கும். பால் ஐசிங்குக்கான வெண்ணெயைப் பொன்னிறமாகும் வரை காய்ச்சி, அடியில் படியும் பழுப்புத் துகள்களோடு சேர்த்தால் வரும் நெய் மணத்துக்கு ஈடு வேறில்லை. ஐசிங்கிலும் பட்டைத் தூளைக் கலப்பது எனக்கு உடன்பாடில்லை. மேலும் கீழும் ஒரே மணம் என்றால் எதுவும் தனித்துத் தெரியாது. ரோலின் உள்ளே எந்தப் பட்டையைப் போட்டீர்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். அமெரிக்க ரோல்களில் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து வரும் காசியா வகைப் பட்டையே இருக்கும்; அதன் காரம் க்ரீம் சீஸின் புளிப்பை எதிர்த்து நிற்கும். இலங்கைக் கறுவாவின் மணம் மென்மையானது, எலுமிச்சைச் சாயல் கொண்டது. க்ரீம் சீஸ் அதை மூழ்கடித்துவிடும். நல்ல கறுவா கிடைத்தவர்கள் மெல்லிய பால் ஐசிங்கோடு நிறுத்திக்கொள்வதே அதற்குச் செய்யும் மரியாதை.

பால் ஐசிங்கில் சர்க்கரையின் செறிவு மிகுதி என்பதால், ஊற்றிய ரோல்களை மூடிய டப்பாவில் ஓரிரு நாள் வெளியே வைக்கலாம். க்ரீம் சீஸ் ஐசிங்கை அப்படி வைக்கக்கூடாது. கெடக்கூடிய உணவுகளை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேலும், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் வைக்கவேண்டாம் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. நம் கோடையில் இரண்டாவது வரம்பே பொருந்தும். மூடிய கிண்ணத்தில் ஃப்ரிட்ஜில் நான்கைந்து நாள் தாங்கும். மறுநாளுக்கு என்று ரோல்களை எடுத்துவைப்பதானால் ஐசிங் ஊற்றாமல் வைத்து, தேவைப்படும்போது ரோலை மட்டும் சூடாக்கி, குளிர்ந்த ஐசிங்கை ஒரு கரண்டி எடுத்து மேலே வைத்தால் போதும். ரோலின் சூட்டிலேயே அது இளகித் தானாகப் பரவிவிடும். ஐசிங்கோடு சேர்த்து மைக்ரோவேவில் வைத்தால் ரொட்டி சூடாகும் முன்பே ஐசிங் கொதித்து வழிந்துவிடும்.